அச்சேறிய அனந்தபுரி – 9: மார்த்தாண்டவர்மாவின் சொந்தக்காரர்கள்

சென்ற அத்தியாயத்தில் திருவிதாங்கூர் அரசு அச்சகத்தின் கதையைப் பார்த்தோம். அரசாங்கம் அச்சடிப்பதில் லாப நட்டம் பேச ஒன்றுமில்லை. பஞ்சாங்கமும் கெஜட்டும் எப்படியும் வந்தாக வேண்டும். தன் கைக்காசைப் போட்டுப் புத்தகம் போடுகிறவனின் கதை வேறு. அவன் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும். இந்த அத்தியாயத்தில் அந்தக் கணக்கை ஒரே ஒரு நாவலை வைத்துப் பார்ப்போம்.

1891இல் திருவனந்தபுரத்துக்காரர்கள் இருவர் ஆளுக்கொரு புத்தகம் வெளியிட்டார்கள். ஒருவர் மகாராஜா கல்லூரித் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை. அவருடைய ‘மனோன்மணீயம்’ தமிழர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்னொருவர் உயர் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்த சி.வி. ராமன் பிள்ளை. அவருடைய ‘மார்த்தாண்டவர்மா’தான் மலையாளத்தின் முதல் சரித்திர நாவல். ஒரே ஊர், ஒரே ஆண்டு, இரண்டு மொழிகள். சுந்தரம் பிள்ளையின் நாடகம் பாடத்திட்டத்துக்குள் போய், அதன் வாழ்த்துப் பா 1970இல் தமிழ்நாட்டு அரசின் வாழ்த்தாகவும் ஆயிற்று. சி.வி.யின் நாவலுக்கு வாய்த்தது வேறு மாதிரி. அது கைமாறிக் கைமாறிப் போய், நீதிமன்றப் படியேறி, ஒரு சினிமாவையே முடக்கியது.

எழுதியவரே பதிப்பாளர்

சி.வி. 1858இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். ‘மார்த்தாண்டவர்மா’வை எண்பதுகளில் எழுதத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். கதை நடக்கும் நிலத்தில் பெரும்பகுதி இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது: பத்மநாபபுரம், சாரோடு, பஞ்சவன்காடு. 1956 நவம்பர் 1இல் கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் தமிழகத்தோடு சேர்ந்தபோது, மலையாள நாவலின் முக்கியமான காட்சிகள் நடந்த இடங்களும் எல்லை தாண்டி வந்துவிட்டன. எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களும் தம்பிமார் என்ற முந்தைய அரசரின் மகன்களும் இளவரசர் மார்த்தாண்டவர்மாவைத் துரத்துகிற கதையை இன்றும் தக்கலைப் பக்கம் வயதானவர்கள் நேரில் பார்த்ததுபோலச் சொல்வார்கள்.

கைப்பிரதி ஆயிற்று. அச்சடிப்பது யார்? புத்தகத்துக்குப் பணம் போடும் பதிப்பாளர் என்று ஒரு தொழில் அன்று அவ்வூரில் வேர்விடவில்லை. நாவலை ஆசிரியரே தம் பொறுப்பில் வெளியிட்டார். அச்சடித்தது சென்னை அடிசன் கம்பெனி. திருவனந்தபுரத்துக்கு அப்போது ரயில் இல்லை. கொல்லத்திலிருந்து தண்டவாளம் வந்து சேர்ந்தது 1918இல்தான். சென்னையிலிருந்து திருநெல்வேலி வரை ரயில், பிறகு ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக மாட்டுவண்டி. இந்த ஊரைப் பற்றிய புத்தகம் இந்த ஊருக்கு வந்து சேர அவ்வளவு தூரம் சுற்ற வேண்டியிருந்தது.

அந்நாளைய அச்சுத் தொழிலின் போக்கைத் தெரிந்துகொண்டால்தான் எழுத்தாளனின் சங்கடம் புரியும். கம்பாசிட்டர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார். ஒரு பாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள், முடிந்ததும் புரூஃப் பார்த்து, இயந்திரத்தில் ஏற்றி, தேவையான படிகளை அடித்துவிட்டு, அந்த எழுத்துகளை மறுபடி கேஸில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அப்போதுதான் அடுத்த பாரத்துக்கு எழுத்து கிடைக்கும். ஆகவே எத்தனை படி வேண்டும் என்பதை முதல் பாரம் இயந்திரத்தில் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். குறைவாகச் சொல்லிப் புத்தகம் விற்றுவிட்டால் முதலிலிருந்து கோக்க வேண்டும். அதற்கு மறுபடி முழுக்கூலி. கூடுதலாகச் சொல்லி விற்காவிட்டால் தாளுக்குப் போட்ட பணம் வீட்டுப் பரணில் செல்லுக்கு இரை. தாளுக்கும் கூலிக்கும் கட்டுக்கும் பணம் முன்கூட்டியே போகும். விற்ற காசு கடைக்காரர் மனம் வைத்தால் வரும்.

இரண்டு வருடம் முன்னால், 1889இல், மலபாரில் ஒ. சந்துமேனோன் ‘இந்துலேகா’வை வெளியிட்டிருந்தார். அது சில மாதங்களில் விற்றுத் தீர்ந்து இரண்டாம் பதிப்புக்குப் போனது. நாவல் படிக்க ஆளிருக்கிறது என்று அதில் தெரிந்தது. ஆனால் சந்துமேனோன் முனிசிப். கைக்காசு போடக்கூடிய உத்தியோகம். சி.வி.யும் அரசு உத்தியோகஸ்தர்தான். கடைசியில் அவர் அரசு அச்சகத்தின் சூப்பரின்டெண்டென்டாகவே இருந்து ஓய்வு பெற்றார். தம் முதல் நாவலை அச்சேற்ற சென்னைக்குப் போனவர் பின்னாளில் ஓர் அச்சகத்துக்கே தலைவரானார். சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்களால் மட்டுமே நாவலாசிரியர்களாக இருக்க முடிந்த காலம் அது.

புக் டிப்போவின் வருகை

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் நிலைமை மாறியது. பள்ளிக்கூடங்கள் பெருகின. பாடப்புத்தகம் என்ற நிச்சயமான சந்தை உருவாயிற்று. பாடநூல் கமிட்டி எதைத் தேர்ந்தெடுக்கிறதோ அது வருடாவருடம் விற்கும். பள்ளிப் புத்தகத்தில் கிடைக்கிற நிச்சயப் பணத்தை வைத்துக்கொண்டு, விற்பனை நிச்சயமில்லாத கதையையும் கவிதையையும் போட்டுப் பார்க்கலாம். பதிப்புத் தொழில் உலகமெங்கும் இந்த வழியில்தான் வளர்ந்தது. இத்தாலியின் மிகப் பெரிய பதிப்பகமான மொண்டடோரியை எடுத்துக்கொள்ளுங்கள். அர்னால்டோ மொண்டடோரி 1907இல் போ ஆற்றங்கரையில் ஒஸ்டிலியா என்னும் சிறுநகரத்தில் ஓர் அச்சகத்தில் தொடங்கியவர். அவரையும் தூக்கிவிட்டது பள்ளிப் புத்தகமே. மஞ்சள் அட்டை துப்பறியும் நாவல் வரிசையெல்லாம் 1929இல், கையில் காசு சேர்ந்த பிறகு வந்தவை.

திருவனந்தபுரத்தில் அந்த இடத்துக்கு வந்தவர் குளக்குன்னத்து ராமன் மேனோன். அவருடைய பி.வி. புக் டிப்போ 1911 முதல் ‘மார்த்தாண்டவர்மா’வை வெளியிட்டது. பின்னர் அவருடைய கமலாலயா அச்சகமும் கமலாலயா புக் டிப்போவும் அந்த உரிமையைக் கையில் வைத்திருந்தன. புத்தகம் அச்சடிப்பது, விற்பது, உரிமையை வைத்துக்கொள்வது மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தன. சி.வி.யின் நாவல் பள்ளியிலும் கல்லூரியிலும் பாடமாக இருந்ததால் அது ஒரு நிலையான வருமானம். 1936இல் பி.கே. மேனோனின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் கமலாலயாவே வெளியிட்டது.

உரிமையை எழுதிக் கொடுப்பது என்றால் என்ன என்று இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எழுத்தாளர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சாசனத்தில் கையெழுத்துப் போடுவார். அதோடு அவருக்கும் புத்தகத்துக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் தீர்ந்தது. பிறகு பத்துப் பதிப்பு வந்தாலும் அவருக்கு ஒரு சக்கரக் காசுகூடக் கிடைக்காது. கேட்க அநியாயமாகத் தோன்றும். ஆனால் விற்குமா விற்காதா என்ற பயத்தை முழுக்கப் பதிப்பாளர் தலையில் ஏற்றிவிட்டுக் கையில் ரொக்கத்தோடு வீடு திரும்புகிற வசதியும் அதில் இருந்தது. சென்னைக்குப் போய் அச்சடித்து, மூட்டை கொண்டுவந்து, கடைக்கடையாக ஏறி இறங்கிய தலைமுறைக்கு அது ஒரு விடுதலை. இந்தப் பழக்கம் கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல; சென்னைப் பதிப்பாளர்களும் அன்று இப்படித்தான் வாங்கினார்கள்.

சி.வி. 1922 மார்ச்சில் காலமானார். சாசனம் மட்டும் புக் டிப்போவின் இரும்புப் பெட்டியில் இருந்தது. அதன் வலிமை பதினோரு வருடம் கழித்துத் தெரிந்தது.

கேப்பிட்டல் தியேட்டரில்

நாகர்கோவில்காரர் ஆர். சுந்தர்ராஜ். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட ஜே.சி. டேனியலின் உறவினர். டேனியலின் நிலத்தையும் நிம்மதியையும் சினிமா தின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்தான். ஆனாலும் ஆசை விடவில்லை. ஸ்ரீ ராஜேஸ்வரி ஃபிலிம்ஸ் என்று கம்பெனி வைத்தார். திருவிதாங்கூரில் எல்லோருக்கும் தெரிந்த கதையைத் தேர்ந்தெடுத்தார்: ‘மார்த்தாண்டவர்மா’. இயக்கம் பி.வி. ராவ். மார்த்தாண்டவர்மாவாக ஜெய்தேவ் நடித்தார்.

மௌனப் படம். திரையில் ஆட்கள் வாயசைப்பார்கள். நடுநடுவே எழுத்து அட்டை வரும். இந்தப் படத்தில் அட்டைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் இருந்தன. மலையாளம் தெரிந்தவர்கள் அதைப் படிக்கும்போது பள்ளியில் மனப்பாடம் செய்த நாவலின் சாயலை உணர்ந்திருப்பார்கள். இதோடு அன்றைய மகாராஜா சித்திரைத் திருநாளின் ஊர்வலக் காட்சிகளையும் படத்தோடு சேர்த்திருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு அரசனின் கதையோடு நடப்பு மகாராஜாவையும் காட்டினால் கூட்டம் வரும் என்று கணக்கிட்டிருக்கலாம். தப்பான கணக்கென்று சொல்ல முடியாது.

1933இல் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் படம் வெளியாயிற்று. வெளியான கையோடு கமலாலயா புக் டிப்போ வழக்குப் போட்டது. நாவலின் உரிமை எங்களுடையது, எங்களைக் கேட்காமல் படமெடுத்திருக்கிறார்கள் என்பது வாதம். தீர்ப்பு புத்தகக் கடைக்குச் சாதகமாக வந்தது. படச்சுருள் பறிமுதலாகிக் கமலாலயாவின் கைக்குப் போனது. இந்தியாவில் ஓர் இலக்கியப் படைப்பைப் படமாக்கியதற்காக எழுந்த முதல் பதிப்புரிமை வழக்கு என்று இதைச் சினிமா வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள்.

சுந்தர்ராஜின் பக்கம் நின்றும் யோசிக்க வேண்டும். மார்த்தாண்டவர்மா ஒரு நிஜ அரசர். 1729 முதல் 1758 வரை ஆண்டவர். எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு அவருக்கு இருந்த பகை நாட்டார் பாட்டிலேயே உண்டு. சரித்திரம் எந்தப் புத்தகக் கடைக்கும் சொந்தமில்லை. ஆனால் நாவலில் வரும் சுபத்திரை யார்? அனந்தபத்மநாபனும் பாறுக்குட்டியும் காதலித்தது எந்தக் கல்வெட்டில் இருக்கிறது? அவையெல்லாம் சி.வி.யின் கற்பனை. அரசரை மட்டும் எடுத்துக்கொண்டு புதுக்கதை பண்ணியிருந்தால் யாரும் அசைத்திருக்க முடியாது. நாவலின் கதையை எடுத்ததால்தான் மாட்டிக்கொண்டார். இன்றைக்கும் சரித்திரப் படமெடுக்கும் தமிழ்த் தயாரிப்பாளர்கள் ‘கல்கி’யின் பாத்திரத்துக்கும் சோழ வரலாற்றுக்கும் நடுவே இதே கோட்டில்தான் நடக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. எழுதிய சி.வி. அந்த நேரத்தில் உயிரோடில்லை. தம் கதை சினிமாவாக வருவதை அவர் விரும்பியிருப்பாரா மாட்டாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் சட்டத்தில் இல்லை. ராமன் மேனோன் செய்தது சட்டப்படி முழுக்கச் சரி. சுந்தர்ராஜ் இழந்தது முழு முதலையும்.

ஃப்ளாரன்ஸில் ஓர் எலி

அதே நேரத்தில் இத்தாலியில் நடந்தது இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. 1932 டிசம்பரில் ஃப்ளாரன்ஸ் நகரப் பதிப்பாளர் நெர்பினி ‘டொபொலினோ’ என்று ஒரு சிறுவர் வாரப் பத்திரிகை தொடங்கினார். டொபொலினோ என்பது இத்தாலியில் மிக்கி மவுஸின் பெயர். டிஸ்னியின் எலியை உரிமை வாங்காமல் போட்டார். சிக்கல் வந்தது. சில இதழ்களில் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் போட்டு, வேறு ஓர் எலியை ஓடவிட்டுச் சமாளித்தார்கள். பிறகு டிஸ்னியோடு பேசி முடித்து உரிமை பெற்றார்கள். 1935இல் அந்தப் பத்திரிகை மொண்டடோரியின் கைக்குப் போனது. அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த எலி மொண்டடோரிக்குப் பணம் கொட்டியது. உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியக் குழந்தைகள் படிக்கக் கற்றதே அதில்தான் என்று சொல்கிற அளவுக்குப் பரவியது.

கோட்டு ஓவியமோ சரித்திர நாவலோ, இரண்டிலும் அடிப்படை ஒன்று. அச்சு இயந்திரம் தேயும். கட்டடம் வாடகைக்கும் கிடைக்கும். தாள் சந்தையில் வாங்கலாம். பதிப்பகத்தின் உண்மையான சொத்து அதன் பெட்டியில் இருக்கும் உரிமைப் பத்திரங்கள்தான். மொண்டடோரி இதை விரைவாகப் புரிந்துகொண்டது. 1965இல் ‘ஆஸ்கர்’ என்ற மலிவுப் பதிப்பு வரிசையைத் தொடங்கி, ஹெமிங்வேயின் நாவலைப் பத்திரிகைக் கடைகளில் விற்றது. கையில் உரிமை இருந்ததால்தான் பழைய புத்தகத்தைப் புது விலையில் விற்க முடிந்தது. பின்னர் ஐனாவ்டி போன்ற பெயர்பெற்ற பதிப்பகங்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அப்படிச் சேர்த்ததில் முதன்மையான லாபம் அவர்களுடைய எழுத்தாளர் பட்டியல்.

திருவனந்தபுரத்துக் கமலாலயா அந்தத் திசையில் போகவில்லை. உரிமையைக் காவல் காத்தது, விரிக்கவில்லை. படக் கம்பெனியோடு பேசி ஒரு பங்கு வாங்கியிருந்தால் நாவலும் விற்றிருக்கும், படமும் ஓடியிருக்கும் என்று இன்று சொல்லலாம். அன்று சினிமாவை நம்பிக் கையெழுத்துப் போட யார் துணிந்திருப்பார்கள்? டேனியல் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

நூற்றிருபது ரூபாய்

மலையாள எழுத்தாளர்கள் இந்த ஏற்பாட்டில் மெல்ல மெல்லக் கசந்துபோனார்கள். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்த புதுத் தலைமுறை அரசு உத்தியோகஸ்தர்கள் அல்ல. பள்ளிக்கூட வாத்தியார்கள், சிறைக்குப் போனவர்கள், பத்திரிகையில் அரைச் சம்பளத்துக்கு எழுதியவர்கள். அவர்களில் ஒருவரான நாவலாசிரியர் பஷீர் தம் புத்தகங்களைத் தாமே சுமந்து விற்றவர். எறணாகுளத்தில் புத்தகக் கடையும் வைத்துப் பார்த்தவர். எழுத்தையே நம்பி வாழ வேண்டியவனுக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்துவிடும் முறை கட்டுப்படியாகாது.

1945இல் கோட்டயத்தில் பன்னிரண்டு பேர் சேர்ந்து சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கத்தைத் தொடங்கினார்கள். எழுத்தாளர்களுக்கு எழுத்தாளர்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கம். முதல் தலைவர் விமர்சகர் எம்.பி. பால். செயலாளர் சிறுகதை ஆசிரியரும் பள்ளி ஆசிரியருமான காரூர் நீலகண்ட பிள்ளை. மூலதனம் 120 ரூபாய். முதல் புத்தகம் தகழி சிவசங்கர பிள்ளையின் கதைகள்.

சங்கம் செய்த புரட்சி ராயல்டியில். முகவிலையில் 30 விழுக்காடு எழுத்தாளருக்கு என்று வைத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ரூபாய் விலையுள்ள புத்தகம் ஆயிரம் படி விற்கிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1000 ரூபாய். எழுத்தாளருக்கு 300. மீதி 700க்குள் தாள், அச்சு, கட்டு, கடைக்காரர் கழிவு, சங்கச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். தமிழில் 10 விழுக்காடுதான் வழக்கம். அதுவும் கைக்கு வந்தால்தான் உண்டு. தனி முதலாளிக்கு 30 விழுக்காடு கட்டி வராது. சங்கத்துக்கு முதலாளியின் பங்கு என்று ஒன்று இல்லாததால் கட்டி வந்தது. அதைவிட முக்கியம், உரிமை எழுத்தாளரிடமே இருந்தது.

அதே 1945இல் இன்னொரு காரியமும் நடந்தது. செப்டம்பரில் அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் 47 நூலகங்களின் பிரதிநிதிகளைக் கூட்டி, பின்னர் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கமாக வளர்ந்த அமைப்பைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் வாசகசாலை. ஒவ்வொரு வாசகசாலையும் புதுப் புத்தகம் வாங்கும். கோட்டயத்து அச்சில் ஏறுகிற புத்தகத்தில் ஒரு பகுதி எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரிந்தது. முன்னே சொன்ன கம்பாசிட்டர் கணக்கின் பெரிய பயம், எத்தனை படி அடிப்பது என்ற பயம், பாதி தீர்ந்தது. 1949இல் சங்கம் நேஷனல் புக் ஸ்டால் (என்.பி.எஸ்.) என்ற கடையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதோடு வந்தவர்தான் காஞ்ஞிரப்பள்ளி டி.சி. கிழக்கேமுறி, முன்னாள் பள்ளி ஆசிரியர். என்.பி.எஸ். கிளைகள் கேரளம் முழுக்கத் திறந்தன. தலைநகரும் அதில் சேர்ந்தது. பதிப்பின் தலைமையிடம் திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயத்துக்கு இடம் மாறிவிட்டது என்பதைத் தலைநகர்க்காரர்கள் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள்.

1956இல் வந்த தகழியின் ‘செம்மீன்’ மறுவருடமே சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. நம் நாகர்கோவில் சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார். 1965இல் ராமு காரியாட் அதைப் படமாக்கினார். தென்னிந்தியாவிலிருந்து குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம் பெற்ற முதல் படம் அது. தகழி உயிரோடிருந்தார், உரிமையும் அவரிடம் இருந்தது, அவரோடு பேசிப் படம் எடுத்தார்கள். புத்தகமும் விற்றது, படமும் ஓடியது. முப்பத்திரண்டு வருடம் முன்னால் சுந்தர்ராஜுக்குத் திறக்காத கதவு காரியாட்டுக்குத் திறந்தது.

பாரதியும் சி.வி.யும்

தமிழ்ப் பக்கத்தில் நடந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பாரதி இறந்தது 1921 செப்டம்பரில், சி.வி.க்கு ஆறு மாதம் முன்பு. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் வந்திருந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு வந்தபோது வழக்கு எழுந்தது. கமலாலயா வழக்கின் மறுபதிப்பு என்றே சொல்லலாம். ஆனால் முடிவு வேறு. தமிழ்நாட்டில் எழுத்தாளர்கள் திரண்டார்கள். பாரதி பாட்டு யாருக்கும் தனிச் சொத்தல்ல என்று குரல் எழுந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அரசு 1949இல் உரிமையை எடுத்துக்கொண்டது; மெய்யப்ப செட்டியாரும் பணம் வாங்காமல் கொடுத்துவிட்டார். பிறகு பாரதி எல்லோருக்கும் பொதுவானார்.

சி.வி.க்காக யாரும் அப்படித் திரளவில்லை. அவருடைய நாவல் காலத்தின் கணக்கில்தான் விடுதலையாயிற்று. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அன்று ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் ஐம்பது வருடம் உரிமை இருந்தது. 1922க்குப் பின் ஐம்பது என்றால் 1972 முடிவு. 1973இல் கோட்டயத்துச் சங்கம் தன் பதிப்பைக் கொண்டுவந்தது. பிறகு கோழிக்கோட்டுப் பூர்ணா, பிறகு டி.சி. புக்ஸ். ஒரே கடையில் கிடைத்த புத்தகம் எல்லாக் கடைக்கும் வந்தது. விலையில் போட்டி வந்தது, அட்டையில் போட்டி வந்தது, அடிக்குறிப்போடு கூடிய பதிப்பும் வந்தது.

1974இல் இரண்டு நிகழ்ச்சிகள். ஆகஸ்ட் 29 அன்று டி.சி. கிழக்கேமுறி, அறுபது வயதில், சங்கத்தை விட்டு வந்து கோட்டயத்தில் சொந்தமாக டி.சி. புக்ஸ் தொடங்கினார். எழுத்தாளர் கூட்டுறவில் கற்ற வித்தை தனியார் நிறுவனமாக வேர்விட்டது. மூன்றே வருடத்தில் அவர் கரன்ட் புக்ஸை வாங்கினார். இன்று மலையாளத்தின் மிகப் பெரிய பதிப்பகம் அது. திருவனந்தபுரத்திலும் அதன் கடைகள் உண்டு. மொண்டடோரி பாணியிலான வளர்ச்சியைக் கேரளத்தில் தேடினால் இங்கேதான் பார்க்க வேண்டும்: சொந்தக் கடைகள், முன்பதிவுத் திட்டங்கள், பிற பதிப்பகத்தை வாங்குதல், மார்க்கேஸ் முதல் பாவ்லோ கொயெலோ வரை மொழிபெயர்ப்பு உரிமை வாங்குதல்.

இன்னொரு நிகழ்ச்சி புனேயிலிருந்து வந்தது. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர், திருவனந்தபுரத்தில் 1933இல் பிறந்தவர், கமலாலயா கிடங்கில் கிடந்த ‘மார்த்தாண்டவர்மா’ படச்சுருளைக் காப்பகத்துக்குக் கொண்டு சேர்த்தார். நாற்பது வருடம் யாரும் போட்டுப் பார்க்காத படம். தியேட்டர் தியேட்டராக ஓடியிருந்தால் தேய்ந்து, அறுந்து, எரிந்து போயிருக்கும். டேனியலின் ‘விகதகுமாரன்’ அப்படித்தான் இல்லாமல் போயிற்று. வழக்கில் தோற்று முடங்கியதால் பிழைத்தது. தென்னிந்திய மௌனப் படங்களில் இன்று கையில் இருக்கிற மிகச் சிலவற்றில் இது ஒன்று. சுந்தர்ராஜுக்கு அதனால் ஒரு காசு பிரயோசனமில்லை. நமக்கு உண்டு.

யார் பக்கம் நியாயம்

இந்த வழக்கைப் பற்றி எழுதுபவர்கள் ஒன்று புக் டிப்போவை வில்லனாக்குவார்கள், இல்லாவிட்டால் சுந்தர்ராஜைத் திருடனாக்குவார்கள். இரண்டும் வேண்டாம். கமலாலயா பணம் கொடுத்து வாங்கிய பொருளைக் காப்பாற்றிக்கொண்டது. அது இல்லாவிட்டால் சி.வி.யின் நாவல் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இவ்வளவு தொடர்ச்சியாகக் கடையில் கிடைத்திருக்காது. குறை அந்தச் சாசனத்தில் இருந்தது. புத்தகமாக அச்சிடும் உரிமையை விற்கும்போது, நாடகம், சினிமா, மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் அதே கையெழுத்தில் சேர்த்து விற்கிற பழக்கத்தில் இருந்தது. கோட்டயத்துப் பன்னிரண்டு பேர் திருத்தியது அந்தப் பழக்கத்தைத்தான்.

தமிழில் எழுதுகிற இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று பதிப்பாளர் நீட்டுகிற ஒப்பந்தத்தில் அச்சு உரிமை மட்டும் இருக்காது. மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, வலைத்தொடர், திரைப்படம் என்று ஒரு நீண்ட வரிசை ஒரே பத்தியில் இருக்கும். அவசரத்தில் கீழே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எது எத்தனை வருடத்துக்கு, என்ன பங்குக்கு என்று தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அச்சு உரிமை பதிப்பாளரிடம் போகட்டும். மற்றவை உங்களிடமே இருக்கட்டும்.

அடுத்த இதழில் பி.என். பணிக்கரின் வாசகசாலை இயக்கத்தை விரிவாகப் பார்க்கலாம்.

(தொடரும்)